மோவியஸ் கோடும் பழங்கற்காலப் பண்பாட்டு மாற்றமும்: ஒரு விமர்சன நோக்கு

மனிதன் எழுதக் கற்றுக்கொண்டு ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளே கழிந்துள்ளன. ஆயின் அவனுடைய மூதாதையர் கல்லைக் கல்லால் அறைந்து கூரிய விளிம்பை உண்டாக்கத் தொடங்கி முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கென்யாவின் துர்க்கானா ஏரிக்கு மேற்கே லொமெக்வி என்னுமிடத்திற் கிடைத்த கருவிகள் 33 இலட்சம் ஆண்டுப் பழைமை வாய்ந்தனவென 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறும். இவ்விரு காலவெல்லைகளுக்கும் இடைப்பட்ட நெடிய வரலாற்றை அறியப் பெரும்பாலும் கற்களே சான்றாகின்றன. மரம் உக்கிவிடும், தோலும் நாரும் மண்ணோடு மண்ணாகிவிடும், பேச்சு காற்றிற் கரைந்துவிடும், கல் மட்டுமே நிலைத்து நிற்கும். எஞ்சியது கல் என்பதனால் அன்று இருந்ததும் கல்லொன்றே எனக் கொள்ளும் மயக்கம் ஆய்வாளரிடையே தோன்றுவது இயல்பே. அம்மயக்கத்திலிருந்து ஒரு கோடு பிறந்தது. அக்கோடு கருவிகளை மட்டுமன்றி, அவற்றைச் செய்த மக்களையும் உயர்ந்தோர் எனவும் தாழ்ந்தோர் எனவும் பிரித்தது. மோவியஸ் கோடு எனப்படும் அக்கருத்தினை அதன் சான்றுகளையும் அதன் தீர்ப்பினையும் வேறுபிரித்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்டினை விளங்கிக்கொள்ளக் கல்லுடைக்கும் நுட்பங்கள் சிலவற்றை முதற்கண் அறிதல் வேண்டும். ஒரு கூழாங்கல்லைப் பிறிதொரு சுத்தியற்கல்லால் ஓரத்திற் சரியான கோணத்தில் அறைந்தால் ஒரு சில்லு தெறிக்கும். சில்லு தெறித்த கல் கருக்கல் எனப்படும். சில தட்டுக்களால் ஓரம் கூராக்கப்பட்ட கூழாங்கல்லே வெட்டுக்கருவி. இஃது எளிய முறை. ஒரு கல்லின் இருமுகங்களிலும் பல சில்லுகளை முறையாகப் பெயர்த்து, இலை வடிவிலோ பேரிக்காய் வடிவிலோ அமைப்பது கைக்கோடரி. பிரான்சின் செந்த் அச்சூல் என்னும் இடத்தின் பெயரால் இக்கருவி மரபு அச்சூலியன் எனப்படுகின்றது. பெயர்த்தெடுக்க வேண்டிய சில்லின் வடிவத்தை முன்னரே திட்டமிட்டு, அதற்கேற்பக் கருக்கல்லின் முகத்தைப் பதப்படுத்திய பின் ஒரே தட்டில் அச்சில்லைப் பெறுவது லெவலுவா முறை. இவற்றுக்குப் பின் நீண்ட ஒடுங்கிய சில்லுகளும், ஈற்றில் விரல்நகம் அளவேயான நுண்கற்கருவிகளும் வைத்து எண்ணப்படுவது வழக்கம். பிரித்தானியத் தொல்லியலாளரான கிரஹம் கிளாக் 1969ஆம் ஆண்டில் இவற்றை ஐந்து நுட்பமுறைகளாக வரிசைப்படுத்தினார். அவ்வரிசை விளக்கத்துக்கு வசதியானது. ஆயின் வரிசை ஏணியாக மாறும்போதே இடர்ப்பாடு தொடங்குகின்றது.

ஹலம் மோவியஸ் அமெரிக்கத் தொல்லியலாளர். 1937ஆம், 1938ஆம் ஆண்டுகளில் டி தெரா, தெயார் டி சார்டின் ஆகியோருடன் பர்மாவின் ஐராவதிப் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்தவர். அங்கு கிடைத்த கருவிகளை அவர் அன்யாத்தியன் எனப் பெயரிட்டு வகைப்படுத்தினார். பின்னர் 1944ஆம், 1948ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளிலே பஞ்சாபின் சோன் ஆற்றுப்படுக்கைக் கருவிகள், சீனத்தின் சௌகௌதியன் குகைக் கருவிகள், மலாயாவின் தம்பான் கருவிகள், யாவாவின் பச்சித்தான் கருவிகள் ஆகியவற்றோடு அவற்றை ஒப்பிட்டார். ஆபிரிக்கா, மேற்கு ஐரோப்பா, மேற்காசியா, தென்னிந்தியா ஆகிய பகுதிகள் கைக்கோடரியின் நிலங்கள் என்பதும், அவற்றுக்கு வடக்கிலும் கிழக்கிலும் அமைந்த ஆசியா வெட்டுக்கருவியின் நிலம் என்பதும் அவர் கண்ட வேறுபாடு. பலவகைக் கருவிகள் சிதறிக் கிடந்த ஒரு பெருங்கண்டத்தின் சான்றுகளைத் தொகுத்து ஒரே படத்தில் நிறுத்திய அவருடைய உழைப்புப் பாராட்டுக்குரியதே.

ஆயின் அவர் வேறுபாட்டைக் கூறியதோடு அமையவில்லை. கிழக்காசியக் கருவிகள் ஒரேவிதமானவை, கற்பனை வளம் குன்றியவை என்றார். அப்பகுதி பண்பாட்டு வளர்ச்சியிற் பின்தங்கி நின்றது என்றும், மனிதகுலத்தின் தொடக்கப் படிமலர்ச்சியில் அது உயிர்ப்புள்ள பங்கெதனையும் ஆற்றியிருத்தல் அரிது என்றும் தீர்ப்பளித்தார். கருவி எங்கே கிடைத்தது என்பது நிலப்படக் கூற்று. கருவியைச் செய்தோர் பின்தங்கியோர் என்பது மதிப்பீட்டுக் கூற்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்ல இடையிலே ஒரு பாலம் வேண்டும். கருவியின் வடிவம் எவ்வளவு சிக்கலானதோ அவ்வளவுக்கு அதைச் செய்தோரின் அறிவும் பண்பாடும் உயர்ந்தவை என்னும் எடுகோளே அப்பாலம். மோவியஸ் அதனை எங்கும் நிறுவவில்லை; நிறுவப்பட்டதாகவே கொண்டார்.

இவ்வெடுகோள் அவர் ஒருவருக்கே உரியதன்று. லூயிஸ் மோர்கன் 1877ஆம் ஆண்டிற் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என மனிதகுல வளர்ச்சியைப் படிகளாக வகுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இப்படிமுறைக் கொள்கை தொல்லியலில் ஆழ வேரூன்றியது. உழைப்பை முதன்மைப்படுத்திய சிந்தனையாளரிடத்தும் இதன் சாயல் உண்டு. எங்கெல்ஸ் 1876ஆம் ஆண்டில் எழுதி முற்றுப்பெறாத தம் கட்டுரையில் மனிதக்குரங்கு மனிதனானதில் உழைப்பின் பங்கினை எடுத்துரைத்தார். கையும் கருவியும் மூளையும் ஒன்றையொன்று வளர்த்தன என்னும் அக்கருத்தின் ஆழம் மறுக்கற்பாலதன்று. ஆயினும் அதனைப் பொறிமுறையாகப் பொருள்கொள்வோர் கருவியைக் கொண்டே சமூகத்தை அளந்துவிடலாம் எனக் கருதிவிடுகின்றனர். உழைப்பு என்பது கருவி மட்டுமன்று. கருவியும், அது செயற்படும் இயற்கைச் சூழலும், செயற்படுத்துவோர் தம்முள் கொள்ளும் உறவும் சேர்ந்ததே உழைப்பு. கருவியை மாத்திரம் தனியே பிரித்தெடுத்து அளப்பது உண்மையில் உழைப்பை மறந்ததாகவே முடியும்.

மோவியஸ் கொண்ட சான்றுகளை இனி நோக்கலாம். சோன் கருவிகளின் காலவரிசை, டி தெராவும் பற்றர்சனும் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆற்றுப்படித்தளக் கணிப்பினை அடிப்படையாகக் கொண்டது. 1980களில் பாகிஸ்தானில் நிகழ்ந்த பிரித்தானியக் குழுவின் ஆய்வுகள் அக்கணிப்பு நிலைக்கத்தக்கதன்று எனக் காட்டின. யாவாவின் பச்சித்தானிலோ கைக்கோடரிகளும் சிறுதொகையாகக் கிடைத்திருந்தன. மோவியஸ் அவற்றை அறிந்திருந்தும், உள்ளூரிலே தோன்றியவையெனக் கொண்டு கோட்டைப் பாதிக்காதவாறு ஒதுக்கினார். பின்னர் 1978ஆம் ஆண்டில் கொரியாவின் ஹந்தான் ஆற்றங்கரையிலுள்ள சொங்கொக்னியில் அமெரிக்கப் படைவீரர் கிரெக் போவன் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். தென்சீனத்தின் போசே வடிநிலத்தில் இருமுகக் கருவிகள் கிடைத்த செய்தி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. விண்கல் மோதலால் உருகித் தெறித்த கண்ணாடித் துணிக்கைகள் அவற்றோடு கிடைத்தமையால் அவற்றின் வயது 803,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. அத்துணிக்கைகள் பின்னர் இடம்பெயர்ந்து வந்து சேர்ந்தனவோ என்ற ஐயம் எழுப்பப்பட்டதுண்டு. எனினும் இருமுகக் கருவிகள் கிழக்கில் அறவே இல்லை என்று இனிக் கூறுதல் இயலாது.

இதனைக் கொண்டு கோடு முற்றாக அழிந்துவிட்டது எனக் கொள்வதும் அவசர முடிவே. லைசெற், பே ஆகியோர் 2010ஆம் ஆண்டிற் கோடு பற்றிய விவாதத்தை மீள ஆராய்ந்தனர். அத்தகைய ஆய்வுகளின்படி, கிழக்கிற் கைக்கோடரிகள் அரிதாகவும், மேற்கினவற்றிலும் தடித்தனவாகவும், தொடர்ச்சியற்ற தீவுகள் போலவும் காணப்படுகின்றன. ஆகவே வேறுபாடு உண்மை. அதனை இருபுறமாக வெட்டும் கூரிய கோடு என்பதே மிகை. வேறுபாட்டுக்கான காரணம் யாது என்பதே எஞ்சும் வினா.

முதலாவது காரணம் கல்லே. ஐராவதிப் பள்ளத்தாக்கில் அன்யாத்தியன் கருவிகள் பெரும்பாலும் கல்லாகிய மரத்திலும் சிலிக்கா ஏறிய எரிமலைச் சாம்பற் பாறையிலும் செய்யப்பட்டவை. கல்லாகிய மரம் தன் பழைய நார்வழியே பலகை போலப் பிளக்கும் இயல்புடையது. அதில் இருமுகமும் வளைந்த கைக்கோடரியைச் சமைப்பது எளிதன்று. தச்சன் கருங்காலியிற் செய்வதை முள்முருக்கிற் செய்யாமை அவன் அறிவுக்குறைவு ஆகாது. இரண்டாவது காரணமாகச் சுட்டப்படுவது மூங்கில். கோடு செல்லும் நிலத்துக்குக் கிழக்கே மூங்கிற்காடு செறிந்தது. அங்கு மக்கள் மூங்கிலையே கத்தியாகவும் ஈட்டியாகவும் கொண்டனர், அதனை வெட்டி எடுக்க எளிய கல்லே போதியதாயிற்று என்னும் விளக்கத்தை ஜெப்ரி போப் 1989ஆம் ஆண்டிற் பரவச் செய்தார். கவர்ச்சியான விளக்கமே, ஆயின் மூங்கில் உக்கிப்போவது. இல்லாத சான்றை இருந்ததாகக் கொள்ளும் இவ்விளக்கமும் கடுமையான சோதனைக்கு உள்ளாக வேண்டியதே. தென்சீனத்தில் நிகழ்த்திய செய்முறைச் சோதனையின் முடிவுகளை ஒஃபர் பார்யோசெப்பும் அவர்தம் குழுவினரும் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எளிய கற்கருவிகளைக் கொண்டு மூங்கிற் கத்திகளை விரைவிற் செய்தல் கூடும் என்பதும், அவை இறைச்சியை வெட்டும் என்பதும், தோலை உரிப்பதில் அவை தோற்கும் என்பதும் தெரியவந்தன. மூங்கில் கல்லுக்குத் துணையாகலாம். முழு மாற்றீடு ஆகாது. மூன்றாவது காரணம் சனத்தொகை. சிறுசிறு கூட்டங்கள் தம்முள் தொடர்பறுந்து வாழ்ந்தவிடத்து, பல கைகளின் வழியே கற்றுக் கொடுக்கப்பட வேண்டிய சிக்கலான நுட்பம் தலைமுறை தாண்டி நிலைத்தல் கடினம். இதுவும் மக்களின் அறிவைப் பற்றியதன்று. அவர்களது எண்ணிக்கையையும் தொடர்பையும் பற்றியதே.

இவற்றினும் ஆழமான மறுப்பு கருவி என்பதன் பொருளைப் பற்றியது. வெட்டுக்கருவி என வகைப்படுத்தப்பட்ட கூழாங்கற்கள் பல உண்மையில் கருவிகளே அல்ல. சில்லுகளைப் பெயர்த்த பின் எஞ்சிய கருக்கற்கள் என்பதை நிக்கொலஸ் தொத் 1980களிற் கல்லுடைத்துக் காட்டிய சோதனைகள் உணர்த்தின. வேண்டப்பட்டது சில்லின் கூர்விளிம்பு, வீசப்பட்டது கருக்கல். தேங்காய் துருவிய பின் எறிந்த சிரட்டையைக் கொண்டு கறியின் சுவையை மதிப்பிட்டோர் போலாயினர் வகைப்பாட்டாளர். பிரான்சிலும் இதே வினா எழுந்தது. பிரான்சுவா போர்த் மூஸ்டேரியன் கருவிகளை அறுபதுக்கு மேற்பட்ட வகைகளாகப் பகுத்து, அவற்றின் விகித வேறுபாடுகளை வேறுவேறு மக்கட்கூட்டங்களின் மரபுகளாகக் கண்டார். லூயிஸ் பின்ஃபோர்ட் 1960களில் அவை வேறுவேறு வேலைகளின் தடயங்கள் என மறுத்தார். ஹரல்ட் டிபிள் 1987ஆம் ஆண்டில் இன்னுமொரு படி சென்று, சுரண்டு கருவிகளின் வகைகள் பல, ஒரே கருவி மழுங்க மழுங்க மீண்டும் மீண்டும் கூராக்கப்பட்ட பல நிலைகளே எனக் காட்டினார். தீட்டித் தீட்டித் தேய்ந்த கத்தியும் புதிய கத்தியும் இருவேறு பண்பாட்டின் கத்திகள் ஆகா.

மோவியஸின் தீர்ப்பில் அகமுரண் ஒன்றும் உண்டு. கிழக்கின் வெட்டுக்கருவிகள் நெடுங்காலம் மாறாதிருந்தமையே அவற்றின் மேல் அவர் சுமத்திய குற்றம். ஆயின் கைக்கோடரி மரபு துர்க்கானாவின் மேற்கே 17.6 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, உலகின் பல பகுதிகளிற் பதினைந்து இலட்சம் ஆண்டுகள் வரை அடிப்படையில் அதே வடிவத்தோடு தொடர்ந்தது. அதனைப் பலர் தேக்கம் என்றிலர். மரபின் உறுதி என்றனர். ஒரே மாறாமை மேற்கிலே மரபாகவும் கிழக்கிலே மந்தமாகவும் தோன்றியமைக்குக் காரணம் கற்களில் இல்லை. காண்போரின் கண்ணிலேயே உளது. கீழைத்தேயம் உறங்கும் தேயம், வரலாறு மேற்கிலேதான் இயங்குகின்றது என்னும் குடியேற்றவாதக் காலத்து எண்ணம் ஆய்வுரையின் மொழிக்குள்ளும் புகுந்துள்ளமை மனங்கொளத்தக்கது.

பண்பாட்டு மாற்றம் உண்மையில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குத் தமிழகத்தின் அத்திரம்பாக்கம் சிறந்த எடுத்துக்காட்டு. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் றொபேட் புறூஸ் ஃபூட் பல்லாவரத்திற் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் கொசத்தலையாற்றுப் படுக்கையிலுள்ள அத்திரம்பாக்கத்தையும் கண்டார். சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அங்கு 1999ஆம் ஆண்டு தொடக்கம் அகழ்ந்தனர். கைக்கோடரிகள் 10.7 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை, சராசரி வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்னும் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதே இடத்தின் மேலடுக்குகளில், ஏறத்தாழ 385,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 172,000 ஆண்டுகள் வரை, கைக்கோடரிகள் படிப்படியே அருகிச் சிறு கருவிகளும் லெவலுவாச் சில்லுகளும் பெருகிய செய்தி 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. லெவலுவா முறை ஓரிடத்தில் தோன்றி ஒரே குடிபெயர்வால் எங்கும் பரவியது என்னும் பழைய விளக்கத்துக்கு இஃது எளிதில் இடங்கொடாது. ஆர்மீனியாவின் நோர் கெகியில் ஏறத்தாழ 330,000 ஆண்டுகளுக்கு முன் கைக்கோடரியும் லெவலுவாவும் ஒருங்கே வழங்கியமையும், 2014ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்தோர் லெவலுவா பல இடங்களிற் தனித்தனியே கண்டறியப்பட்டிருக்கலாம் என வாதித்தமையும் இவ்விடத்து ஒப்புநோக்கற்பாலன. இருமுகக் கருவியைச் சமைக்கும் கையிலேயே பதப்படுத்திய கருக்கல்லின் விதையும் இருந்தது. பழையதன் உள்ளிருந்தே புதியது முளைத்தல் மாற்றத்தின் ஒரு வழி.

பாக்கு நீரிணைக்கு இப்பால் நிலைமை வேறு. இலங்கையில் ஐயத்துக்கிடமற்ற அச்சூலியன் கைக்கோடரிகள் கிடைத்தில. இரணைமடுவின் பெயரால் வழங்கும் மண்படிவுகளிற் கிடைத்த பழைய கருவிகள் பெரும்பாலும் குவாட்ஸ் கல்லாலும் சேட் கல்லாலும் ஆனவை. மோவியஸின் அளவுகோலைக் கையிலெடுத்தால் இத்தீவு பின்தங்கியோரின் பக்கத்திலே நிறுத்தப்படும். ஆயின் அதே தீவின் ஈரவலயத்திலுள்ள பாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 முதல் 45,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. சிரான் தெரணியகலவின் அகழ்வுகளாற் சிறப்புற்ற பட்டதொம்பலென குகையும் இம்மரபுக்கே உரியது. ஐரோப்பாவிலே நுண்கற்கருவிகள் பெருவழக்காவது இறுதிப் பனிக்காலம் கழிந்த பின்னரே. கிளாக்கின் வரிசையை ஏணியாகக் கொண்டால், கீழ்ப்படியிற் கால் வையாத ஒரு தீவு மேற்படியில் முந்தி நிற்கின்றது. ஏணி பிழையென்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டா.

பாகியன் குகை இன்னுமொரு பாடத்தையும் தருகின்றது. அங்கே நுண்கற்கருவி நுட்பம் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வரை பெரும் மாற்றமின்றித் தொடர்ந்தது. கல்லை மட்டும் நோக்குவோர் இதனைத் தேக்கம் என்பர். ஆயின் கல்லோடு கிடைத்த எலும்புகளையும் நோக்கிய ஆய்வுகள் வேறொரு வாழ்வைக் காட்டின. அக்குகை மக்கள் அடர்ந்த மழைக்காட்டில் மரந்தாவும் குரங்குகளையும் அணில்களையும் வேட்டையாடினர் என்பது 2019ஆம் ஆண்டிலும், எலும்பாற் செய்த கூர்முனைகள் அம்பு முனைகளாகப் பயன்பட்டிருத்தல் கூடும் என்பது 2020ஆம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன. மணிகளும் செங்காவியும் உடன் கிடைத்தன. பகலிலும் இருள் சூழ்ந்த காட்டில், உயர்ந்த கிளைகளில் ஓடும் சிறு விலங்கை வீழ்த்துவதற்கு விலங்கின் வழக்கத்தையும் காட்டின் பருவங்களையும் நுணுகி அறிதல் வேண்டும். அவ்வறிவு கல்லிற் பதிவதில்லை. மாறாத கருவி மாறாத மனத்துக்குச் சான்றன்று; சூழலோடு பொருந்திய ஒரு தீர்வை நாற்பதினாயிரம் ஆண்டுகள் கைவிடாது காத்த கற்பித்தல் மரபுக்கே அது சான்றாகும்.

இங்கு மறுபுறத்து மயக்கம் ஒன்றையும் சுட்டுதல் கடனாகும். அத்திரம்பாக்கத்தின் வயது வெளியானபோது அதனைத் தமிழரின் தொன்மைக்குச் சான்றாகக் கொள்ளும் பெருமிதப் பேச்சுக்கள் எழுவது எதிர்பார்க்கத்தக்கதே. பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அக்கைக்கோடரிகளைச் சமைத்தோர் தமிழரும் அல்லர். இன்றைய மனித இனத்தவரும் அல்லர். அவர்கள் பேசினரா என்பதே விடைகாணப்படாத வினா. பேசிய மொழிக்குப் பெயரிடுதல் நகைப்புக்கிடமாகும். கிழக்கைப் பின்தங்கியதென்ற மோவியஸும், தன் நிலத்துக் கல்லைத் தன் குலப்பெருமையாக்குவோரும் ஒரே பிழையையே செய்கின்றனர். இருவரும் கல்லில் இல்லாத குலத்தைக் கல்லிற் காண்கின்றனர். ஒரு தவறான ஏணியிற் பிறர் நம்மைக் கீழ்ப்படியில் நிறுத்தினர் என்பதற்காக, அதே ஏணியில் நாம் மேற்படி தேடி ஏறுவது மறுப்பாகாது. அது பிழைக்கு உடன்பாடு தெரிவித்தலேயாம்.

தொகுத்து நோக்குமிடத்து, மோவியஸ் கண்ட நிலப்பரவல் வேறுபாடு திருத்தங்களோடு இன்றும் கருத்திற்கொள்ளத்தக்கது; அவர் அளித்த தீர்ப்போ தள்ளத்தக்கது. கற்கருவி நுட்பம் கிடைக்கும் கல்லுக்கும், செய்ய வேண்டிய வேலைக்கும், கற்பிக்கும் கூட்டத்தின் பருமனுக்கும் ஏற்ப மாறும். சில வேளை மாறாதும் நிற்கும். பண்பாட்டு மாற்றத்தை அறிய முற்படுவோர் கல்லோடு எலும்பையும், எலும்போடு காட்டையும், காட்டோடு கூட்டத்தையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். உடைந்த கல்லொன்று ஒரு கை இங்கிருந்தது என்று உறுதியாகச் சொல்லும். அக்கை எதனை அறிந்திருந்தது என்பதிற் சிறிதளவே சொல்லும். அது பிறிதொரு கையிலும் தாழ்ந்தது என்று ஒருபோதும் சொல்லாது.